கடைசியாகத் திறந்து பார்த்த பெட்ரோல் காக்

ஏற்காடு மலைப்பாதையில் நான்காவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வண்டி நின்றது. சட்டென்று நிற்கவில்லை. இழுவை மெல்லக் குறைந்தது, ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இன்னும் மோசமானது, அப்புறம் எஞ்ஜின் ஓய்ந்தது. ஓரமாகத் தள்ளி நிறுத்திப் பத்து நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு உதைத்தால் ஒரே உதையில் பிடித்தது. ஒரு கிலோமீட்டர் போனது. மறுபடியும் அதே மாதிரி நின்றது.

அப்பாவின் வண்டி அது. 1992ஆம் வருட யமஹா ஆர்எக்ஸ் 100. அவர் இறந்த பிறகு சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஆறு வருடம் சாக்கு போர்த்திக் கிடந்தது. டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. டயர், பேட்டரி, கேபிள், பிரேக் ஷூ எல்லாவற்றையும் மாற்றி நான் ஓட்ட ஆரம்பித்தபோது ஊருக்குள் அருமையாக ஓடியது. ஐந்து ரோடு சந்திப்பிலிருந்து வீடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மலை ஏறினால் மட்டும் இந்தப் பாடு.

அடுத்த நான்கு மாதத்தில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினோம். பிளக் மாற்றினோம். இக்னிஷன் காயில் மாற்றினோம். சைலன்சரில் கரி அடைத்திருக்கும் என்று அதையும் கழற்றிச் சுட்டு எடுத்தோம். ஒவ்வொரு முறையும் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். எனக்கு வேலை பார்த்துத் தந்த மெக்கானிக் அண்ணன் அக்கறையான மனிதர். "கார்ப்பரேட்டர்லதான் தம்பி இருக்கு, எங்கயோ தூசு நிக்குது" என்பார். நானும் அதையே நம்பினேன். பெட்ரோல் டேங்க்கிலிருந்து கீழே இறங்கி வருகிற பொருள். அதை மேலிருந்து பார்த்துக்கொண்டு வராமல், எஞ்ஜினிலிருந்து தொடங்கித் தேடியதுதான் எங்கள் தவறு. அந்த வழியில், டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயான பெட்ரோல் காக் கடைசியாகத்தான் வரும். அதற்குள் எல்லோருக்கும் பொறுமையும் பணமும் தீர்ந்துவிடும்.

துப்பு கிடைத்தது ஒரு சின்னச் சத்தத்தில். இரண்டாவது முறை மலையில் நின்றபோது பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. திறந்து மூடிய கையோடு உதைத்தேன், காத்திருக்கவே தேவையில்லாமல் வண்டி பிடித்தது.

டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய வண்டிகளில் அதற்கு மூடிக்குள்ளேயே மெல்லிய ஒரு வழி வைத்திருப்பார்கள். மூச்சுத்துளை. அது தூசாலும் துருவாலும் அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும். நிரம்பிய எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது, எதிர்ப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் வரும் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே கணக்குதான் இது. மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதிக் காற்று போகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினேன்.

அடுத்த முறை பன்னிரண்டாவது வளைவு வரை போனது. அங்கே நின்றது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்பிப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கோளாறைச் சரிசெய்து பாதி குணமானால், நாம் பார்த்தது தப்பு என்று தோன்றிவிடும். தப்பு இல்லை. முப்பது வயது வண்டியில் ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் சேர்ந்தே இருக்கும். மூடி ஒன்று, காக் இன்னொன்று.

அதற்கப்புறம் செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கார்ப்பரேட்டர் பக்கம் பெட்ரோல் டியூபைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, காக்கைத் திறந்து, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தேன். முதல் நிமிடம் 60 மில்லி வந்தது. இரண்டாவது நிமிடம் 40. மூன்றாவது நிமிடம் 25. டேங்க் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது, மூடி திறந்தே இருக்கிறது, அப்படியும் தாரை மெலிந்துகொண்டே போனது.

25 மில்லி போதுமா போதாதா என்று கணக்குப் போட்டேன். ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால், ஒரு மணிக்கு 1.1 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 18 மில்லிக்குக் கொஞ்சம் கூட. 25 வந்தால் தாராளம். மலையில் முழு ஆக்சிலேட்டரில் 45 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 20தான் கிடைக்கிறது என்றால், நிமிடத்துக்கு 37 மில்லி வேண்டும். வருவது 25. அந்தப் பற்றாக்குறையைக் கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொஞ்ச தூரம் ஈடுகட்டும். அது காலியானதும் வண்டி நிற்கும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் கிண்ணம் மறுபடி நிரம்பும், வண்டி பிடிக்கும். நான்கு மாதமாக நாங்கள் தேடியதற்கு விடை அந்தப் பாட்டிலில் மூன்றே நிமிடத்தில் கிடைத்தது.

இப்போது யார் பழைய வண்டியோடு வந்து "ஓடுது, நிக்குது" என்று சொன்னாலும் முதலில் பாட்டிலைத்தான் எடுக்கிறேன். என் அனுபவத்தில், நல்ல நிலையில் உள்ள சாதாரண 100 சிசி வண்டியின் காக் நிமிடத்துக்கு 200 மில்லிக்கு மேல் விட வேண்டும், முக்கியமாக மூன்று நிமிடமும் ஒரே மாதிரி விட வேண்டும். முதலில் நன்றாக வந்து போகப்போகக் குறைந்தால், உள்ளே இருக்கும் சேறு பெட்ரோலோடு நகர்ந்து வலையில் ஒட்டுகிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்தே ஒரே சீராக மெலிதாக வந்தால் துளையே சின்னதாகிவிட்டது. மூடி திறந்தால் நன்றாக வந்து, மூடினால் குறைந்தால் மூச்சுத்துளை. ஆன் நிலையில் ஒரு அளவும் ரிசர்வில் வேறொரு அளவும் வந்தால், அந்தந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். இந்த நான்கையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கழற்றுவதற்கு முன் ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு பரவிப் போகும். எங்கள் வீட்டில் பூஜை விளக்கு மாலையில் எரியும், சமையலறை பக்கத்திலேயே. அதனால் இந்த வேலையைப் பகலில், வெளியில், காற்றோட்டத்தில்தான் செய்கிறேன். பேட்டரி வயரையும் கழற்றிவிடுகிறேன். பெட்ரோலைப் பிடிக்கும் கேன் பெட்ரோலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டால் வீட்டில் குழந்தைகள் எடுத்துவிடுவார்கள்.

டேங்க்கைக் காலி செய்து, காக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி இழுத்தேன். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நைலான் வலை முழுக்கச் செம்மண் குழைத்துப் பூசியது போல இருந்தது. டேங்க்கில் ஆறு வருடம் கிடந்த பெட்ரோலும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கிய துரு. ஆர்எக்ஸ் போலவே இரண்டு ஸ்ட்ரோக் எஞ்ஜின் உள்ள ஜாவா, எஸ்டி மாதிரி வண்டிகளில் எஞ்ஜினுக்கான டூ-டி ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றுவதால் டேங்க் சுவரில் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனிப் பம்ப். பெட்ரோல் டேங்க்கில் வெறும் பெட்ரோல்தான். அந்தப் பாதுகாப்பு இதற்கு இல்லை.

வலையைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி பாட்டில் வைத்துப் பார்த்தேன். 90 மில்லி. சீராக வருகிறது, மலைக்கு வேண்டிய 37ஐயும் தாண்டிவிட்டது, ஆனால் நல்ல காக் விட வேண்டிய 200இல் பாதிகூட இல்லை. அப்போதுதான் காக்கையே பிரிக்கத் துணிந்தேன்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். இந்த வகைக் காக்கில் உடம்பின் முகப்பில் துளைகள் இருக்கும்: ஆன் குழாயிலிருந்து வருவது ஒன்று, ரிசர்விலிருந்து வருவது ஒன்று, கார்ப்பரேட்டருக்குப் போவது ஒன்று. அதன் மேல் அதே இடங்களில் துளையிட்ட வட்டமான ரப்பர் உட்காரும். அதன் மேல் லீவர். லீவரின் பின்பக்கம் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். நாம் திருப்பும்போது அந்தப் பள்ளம் எந்த இரண்டு துளைகளைச் சேர்க்கிறதோ அந்த வழியில் பெட்ரோல் போகும், எதையும் சேர்க்காவிட்டால் ஆஃப். லீவரை ரப்பரோடு அழுத்திப் பிடிக்க அலை அலையாக வளைந்த ஒரு வாஷர், எல்லாவற்றையும் மூடி ஒரு தகடு, இரண்டு சின்ன ஸ்க்ரூ. அவ்வளவுதான்.

அந்த இரண்டு ஸ்க்ரூவும் மென்மையானவை, தலை எளிதில் வழுக்கிப்போகும். ஜப்பான் முறை ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் குறுக்கு வெட்டு, நாம் சாதாரணமாக வாங்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் நுனிக்குச் சரியாகப் பொருந்தாது. பொருந்தும் நுனியைத் தேடி வாங்குங்கள். ஒரு நாள் முன்னாலேயே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். டிரைவரை ஊன்றி, பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, அப்புறம் திருப்புங்கள். நான் ஒரு ஸ்க்ரூவை வழுக்கவிட்டு, துளை போட்டு எடுக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டி வந்தது. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் எந்த முகம் மேலே என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்ததால் பின்னால் குழப்பம் வரவில்லை.

ரப்பரைப் பார்த்ததும் புரிந்தது. வீங்கிப்போய் மெத்து மெத்தென்று இருந்தது, துளைகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. பழைய ரப்பர் வயசானாலே கெட்டுப்போகும், எத்தனால் கலந்த பெட்ரோல் அதைச் சீக்கிரமாக்கும். நம் நாட்டில் 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது, 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீதம் கலந்த இ20 பங்க்குகளில் வர ஆரம்பித்தது. 1992இல் இந்த வண்டியைச் செய்தவர்கள் இதை எதிர்பார்த்து ரப்பர் போட்டிருக்க முடியாது. அதனால் இன்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் காக் ரப்பர், கார்ப்பரேட்டரில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், பெட்ரோல் டியூப் மூன்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் வால்வு டியூப் மாதிரி.

முழுக் காக்கே புதிதாகக் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான், ஏன் இந்தப் பாடு என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அவசரத்துக்கு அதுவே சரி. எனக்கு அந்த லீவர் வேண்டியிருந்தது. அதில் பொறித்த எழுத்துகள் அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருக்கும். காலையில் வண்டியில் உட்காரும் முன்னால் இடது கையைக் கீழே விட்டு, பார்க்காமலே அதைத் திருப்புவார். அந்த லீவரைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

கடையில் வாங்கிய முதல் ரப்பர் மூன்று வாரம் தாங்கியது. பிறகு லீவர் ஓரத்தில் ஈரம். பிரித்துப் பார்த்தால் துளைகள் உடம்பின் துளைகளோடு ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தன, ரப்பரும் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. அப்புறம் வைட்டான் என்னும் வகை ரப்பர் ஷீட் ஒரு சிறு துண்டு வாங்கினேன். எத்தனாலை நன்றாகத் தாங்கும் ரப்பர் அது. பழைய ரப்பரின் தடிமனும் புதிய ஷீட்டின் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லீவர் ஒன்று இறுகும், அல்லது தளரும். தோல் வேலைக்குத் துளை போடும் பஞ்ச்சால் துளையிட்டு, காக்கின் முகத்தையே அச்சாக வைத்து வெட்டினேன். இரண்டு துண்டு வீணானது, மூன்றாவது சரியாக வந்தது.

ரப்பரை மட்டும் மாற்றினால் போதாது. லீவரின் பின்முகம் ரப்பரோடு உரசிக்கொண்டே இருப்பதால் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறல் வழியாகப் பெட்ரோல் கசியும். தடிமனான ஒரு கண்ணாடித் துண்டை மேசையில் வைத்து, அதன் மேல் 600 எண் நீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டி, லீவர் முகத்தை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்தேன். அப்புறம் 1200, கடைசியாக 2000. நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. அலை வாஷர் தட்டையாகியிருந்தால் மெல்ல வளைத்துவிடலாம், முறுக்கிவிடக் கூடாது. மாட்டிவிட்டு பாட்டில் வைத்துப் பார்த்தபோது நிமிடத்துக்கு 280 மில்லி. மூன்று நிமிடமும் அதே 280.

டேங்க்கோடு காக்கை மாட்டும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இரண்டு போல்ட்டும் போகும் துளைகள் அடிமூடியவை. அளவுக்கு மேல் நீளமான போல்ட் போட்டாலோ வாஷர் விட்டுப்போனாலோ, போல்ட் அடியில் முட்டி நின்று இறுகியது போலத் தோன்றும், ஆனால் காக் டேங்க்கோடு அழுந்தியிருக்காது. ஓ-ரிங் புதிதாக இருந்தும் கசிகிறது என்று சொல்பவர்களில் இந்த வகைதான் நான் அதிகம் பார்த்தது. அதற்காக முழு பலத்தோடு இறுக்கினால் டேங்க்கில் மரை போய்விடும். பேஸ்ட், சிலிக்கோன் எதையும் பூச வேண்டாம். பெட்ரோலில் சிலிக்கோன் ஊறிப் பிய்ந்து, துணுக்குகள் கார்ப்பரேட்டரின் நுண்துளையான ஜெட்டில் போய் அடைக்கும். வழியில் கசிவு வந்து வேறு வழியே இல்லையென்றால் துணி சோப்பை நீர் விடாமல் பிசைந்து அப்புங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது. வீடு வந்து சேரும் வரை பிடிக்கும்.

வெளியே கசிவது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். ஆஃப் நிலையில் உள்ளுக்குள்ளேயே கசிவதுதான் கெட்டது. ஒருநாள் விடியற்காலை அம்மா எழுப்பினார். "கண்ணு, பெட்ரோல் வாடை அடிக்குது பாரு." வண்டியின் அடியில் ஈரம். காக் ஆஃபில்தான் இருந்தது. கிக்கரை மிதித்தால் கல் மாதிரி நின்றது. நல்லவேளை, எம்பி மிதிக்கவில்லை.

நடந்தது இதுதான்: காக் ஆஃபிலும் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறது. கிண்ணம் நிரம்பியதும் வழியை அடைக்க வேண்டிய கார்ப்பரேட்டரின் மிதவை ஊசியும் தேய்ந்திருந்ததால் அதைத் தடுக்கவில்லை. கொஞ்சம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தரையில் போனது, மீதி எஞ்ஜினுக்குள் இறங்கிவிட்டது. திரவம் அமுங்காது. அந்த நிலையில் வலுவாக உதைத்தால் உள்ளே ஏதாவது உடையலாம். பிளக்கைக் கழற்றி, சாவியை ஆஃபில் வைத்து, பிளக் கேப்பை எஞ்ஜினிலிருந்து விலக்கி வைத்து, பிளக் துளையைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினேன். பெட்ரோல் பீச்சி அடித்தது. முழுதும் வெளியேறி உலரும் வரை பொறுத்துத்தான் பிளக்கை மாட்டினேன். நான்கு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் பெட்ரோல் எஞ்ஜின் ஆயிலில் கலந்திருக்கும். ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஒரு தெரு கூட ஓட்டாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: இரவு டியூபைக் கார்ப்பரேட்டரிலிருந்து கழற்றி, காக்கை ஆஃபில் வைத்து, உலர்ந்த பாட்டிலுக்குள் விட்டுவிடுங்கள். வண்டி வெளியில் நிற்கட்டும். காலையில் பாட்டிலில் ஒரு சொட்டு இருந்தாலும் காக் சரியில்லை.

ரிசர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். காக்கில் உயரமான பித்தளைக் குழாய் ஒன்று டேங்க்குக்குள் எழும்பி நிற்கும். ஆன் நிலையில் அதன் வாய் வழியாகத்தான் பெட்ரோல் வரும், அந்த வாய்க்குக் கீழே மட்டம் இறங்கியதும் வண்டி இழுக்காது. அப்போது ரிசர்வுக்குத் திருப்பினால் அடிமட்டத் துளை திறக்கும். அந்தப் பித்தளைக் குழாய் அடியில் ஆடிப்போனாலோ விரிசல் விட்டாலோ, ஆனிலேயே அடிமட்டம் வரைக்கும் குடித்துவிடும், ரிசர்வ் என்று ஒன்று மிஞ்சாது. என் நண்பன் ஒருவன் அரூர் தாண்டி அப்படி நின்று, எட்டு கிலோமீட்டர் தள்ளினான். காக்கைக் கழற்றும்போது அந்தக் குழாயை விரலால் ஆட்டிப் பாருங்கள், அசையக்கூடாது.

அப்பா மாதத்தில் ஒருநாள் ரிசர்வில் ஓட்டுவார். டேங்க் நிரம்பியிருந்தாலும். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. ரிசர்வ் வழியைப் பயன்படுத்தாமலே விட்டால் தூசும் தண்ணீரும் அடியில் தங்கி, அவசரத்துக்குத் திறக்கிற நாளில் அத்தனையும் மொத்தமாகக் கார்ப்பரேட்டருக்குள் இறங்கும். மாதம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் காக்கின் அடிக் கிண்ணத்தில் தங்கும், கழற்றிக் கொட்டிவிடலாம்.

அந்தக் கிண்ணத்தை மழைக்காலத்தில் கண்ணாடித் தம்ளரில் கொட்டிப் பாருங்கள். அடியில் முத்து மாதிரி தனியாக உருண்டு நிற்பது தண்ணீர். எத்தனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கும். காக்கின் வாய் இருப்பதும் அங்கேதான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வண்டியைச் சில வாரம் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி வைக்கிறேன், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். பல மாதம் நிறுத்துவதாக இருந்தால் முழுக்கக் காலி செய்து, கார்ப்பரேட்டரையும் வற்றவிட்டு, டேங்க்குக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு உருட்டி வைக்கிறேன். பாதி டேங்க் பெட்ரோலோடு ஆறு வருடம் விட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன்.

துருவைப் போக்காமல் காக்கை எத்தனை முறை கழுவினாலும் வலை மறுபடி அடைக்கும். டேங்க்கைக் கழற்றி, காக் இருந்த இடத்தைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து நிரப்பி ஒருநாள் விட்டேன். அப்புறம் சோடா உப்புக் கரைசலால் கழுவி, தண்ணீரால் அலசி, வெயிலில் உடனே உலர்த்தி, உலர்ந்த கையோடு எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் மஞ்சள் துரு புதிதாகப் பூத்துவிடும். காக்கை அந்தக் கரைசலில் போடாதீர்கள். நிறையக் காக்குகளின் உடம்பு துத்தநாகக் கலவையில் வார்த்தது, அமிலம் அதை அரித்துவிடும். பித்தளைக் குழாயை மட்டும், கழற்ற முடிந்தால், நம் வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளி போட்டுத் தேய்க்கலாம். பளிச்சென்று வரும்.

கோயம்புத்தூரில் ஒரு பெரியவர் பழைய பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார், இங்கிலாந்தில் செய்த வண்டி. அதன் காக்கை இழுத்தால் திறக்கும், அழுத்தினால் மூடும். உள்ளே ரப்பர் இல்லை, கார்க். பெட்ரோலில் ஊறியிருக்கும் வரை கார்க் உப்பி அடைத்து நிற்கும். டேங்க் காலியாக வெயிலில் நின்றால் காய்ந்து சுருங்கி, அடுத்து பெட்ரோல் ஊற்றிய உடனே கசியும். அவர் கார்க்கைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்துக் காட்டினார். கண்ணெதிரே உப்பியது. "அந்தக் காலத்தில் கார்க்குக்கு அரக்கு பூசுவோம் தம்பி, இப்போ அது நிக்க மாட்டேங்குது" என்றார். அரக்கு எத்தனாலில் கரையும் பொருள், மரத்துக்குப் பூசும் பாலிஷே அப்படிக் கரைத்துச் செய்வதுதான். இப்போதைய பெட்ரோலில் அது தாங்காது. கடைசியில் அவரும் கார்க்குக்குப் பதில் வைட்டான் ஓ-ரிங்குக்குப் பள்ளம் கடைந்து போட்டுவிட்டார்.

எஞ்ஜின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும் வேக்குவம் காக் வேறு வகை. அதில் பெரும்பாலும் ஆஃப் இருக்காது, எஞ்ஜின் உறிஞ்சாமலே பெட்ரோலை விடும் பிரைம் என்று ஒரு நிலை இருக்கும். பிரைமில் ஒழுங்காக ஓடி, ஆனில் நின்றால் வேக்குவம் குழாயோ உள்ளே இருக்கும் சவ்வோ கோளாறு. அந்த மெல்லிய குழாயைக் கழற்றினால் அதிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதா? சவ்வு கிழிந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

டியூபிலும் கவனம் வேண்டும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரே வருடத்தில் விறைத்துப்போய், நுனியில் கசியும். பெட்ரோலுக்கென்று செய்த ரப்பர் டியூபை, மேலே வளைந்து ஏறாத நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். நடுவில் ஃபில்டர் வைப்பதாக இருந்தால் சின்னது, வலை வகை. காருக்குச் செய்த காகித ஃபில்டர் பம்ப்பின் அழுத்தத்துக்கானது, அரை அடி உயரத்திலிருந்து தன் எடையால் இறங்கும் பெட்ரோலுக்கு அது சுமை. ஃபில்டர் வைத்த பிறகும் ஒருமுறை பாட்டிலில் அளந்துவிடுங்கள்.

போன மாதம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காடு ஏறினேன். நான்காவது வளைவு, பன்னிரண்டாவது வளைவு, இருபதாவது வளைவு. எங்கும் இழுவை குறையவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தி, இடது கையைக் கீழே விட்டுக் காக்கை ஆஃபுக்குத் திருப்பினேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். "உங்கப்பா மாதிரியே திருப்பற" என்றார்.

இறங்கி வரும்போது ஒன்று கவனித்தேன். நீண்ட இறக்கத்தில் பெட்ரோல் டேங்க்கின் முன்பக்கம் போய்விடும், காக் இருப்பது பின்பக்கம். டேங்க்கில் குறைவாக இருந்ததால் கடைசி இரண்டு கிலோமீட்டரில் லேசாகத் திணறியது, ரிசர்வுக்குத் திருப்பியதும் சரியானது. வீட்டுக்கு வந்து துடைக்கும்போது லீவர் ஓரத்தில் ஒரு விரல்நுனி அளவு ஈரம் பட்டது. வைட்டான் ஷீட்டில் இன்னும் ஒரு துண்டு மீதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்க வேண்டும்.